அரைநூலாரும் ஆழக் கேமராக்களும்

"நான் அளந்த அளவுல அரை நூல் பிசகு இருந்துச்சுன்னா, உலகம் கொஞ்சம் நகர்ந்திருக்குன்னு அர்த்தம். நான் தப்பா அளந்தேன்னு அர்த்தம் கிடையாது."

இந்தத் திருவாக்கு மலர்ந்தது செயற்கைக் கால் பட்டறையின் வெள்ளிவிழா மேடையில். சிறப்பு விருந்தினராக வந்த டாக்டர், ஏதாவது கேட்டாக வேண்டுமே என்று, "எத்தனை வருஷமா இங்க அளவு பாக்கிறீங்க?" என்று கேட்டார். பதினெட்டு வருஷம் என்று சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் நம்மவர் கையில் மைக் இருந்தது. எதிரே நூறு நாற்காலிகளில் எழுபது நிரம்பியிருந்தன, எண்ணிவிட்டுத்தான் பேசினார். கைதட்டல் பலமாக இருந்தது. அன்று சாயங்காலமே அவருக்கு 'அரைநூலார்' என்று பெயர் விழுந்தது.

தச்சர்களுக்கும் கொத்தனார்களுக்கும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ஓர் அங்குலத்தை எட்டாகப் பங்கிட்டால் ஒரு நூல். அதில் பாதி அரை நூல். பெயரின் வாலில் தொங்கும் 'ஆர்' மரியாதையா கிண்டலா என்று அவர் ஆராயவில்லை. மரியாதை என்றே வரவு வைத்துக்கொண்டார்.

பெரிய மனிதர்களின் வரலாற்றில் இளமையிலேயே சில அறிகுறிகள் தென்பட்டாக வேண்டும். இவருக்கும் தென்பட்டன. பள்ளிக்கூடத்தில் விடை எழுத நேரம் பத்தாமல் ஃபெயிலானவர்கள் உண்டு. இவர் மார்ஜின் போடவே நேரம் பத்தாமல் ஃபெயிலானவர். பிறகு ஒரு தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டினார். தான் கடைந்ததைத் தானே அளந்து, தானே நிராகரித்து, நாளுக்கு இரண்டு உருப்படி மட்டும் தேற்றிக் கொடுத்ததால் முதலாளி அவரை மனப்பூர்வமாக வாழ்த்தி வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வந்து சேர்ந்த இடம் பட்டறை.

கல்யாணமான புதிதில் வீடு மாற்றினார்கள். பீரோ புது அறைக்குள் நுழையுமா என்று வீட்டிலிருந்த அனைவரும் கவலைப்பட்டபோது, இவர் மட்டும் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "நுழையும். ஒரு விரல் இடம் மிச்சம் இருக்கும்" என்றார். நுழைந்தது. ஒரு விரல் இடம் மிச்சமும் இருந்தது. கட்டிலைப் போட்ட பிறகுதான் பீரோவின் கதவு பாதிக்கு மேல் திறக்காது என்று தெரிந்தது.

"உள்ள போகுமான்னு கேட்டீங்க, அளந்தேன். கதவு திறக்குமான்னு யாரும் கேக்கலையே?" என்றார்.

அவர் மனைவி ஒன்பது வருடமாக ஒருக்களித்து நின்று, ஒரு கையை மட்டும் உள்ளே விட்டுத் துணி எடுத்துக்கொண்டிருக்கிறார். அளவில் மட்டும் எந்தத் தப்பும் இல்லை.

இனி பட்டறையைப் பற்றி. கால் போனவர்களுக்குச் செயற்கைக் கால் செய்வது அங்கே வேலை. அதில் பாதம், தண்டு எல்லாம் ரெடிமேடாக வந்துவிடும். மிச்சமிருக்கும் கால் எதற்குள் நுழைகிறதோ அந்தக் கிண்ணம் மட்டும் ஆளுக்கு ஆள் செய்ய வேண்டும்; பட்டறையில் அதற்குச் சாக்கெட் என்று பெயர். சாக்கெட் இறுகினால் புண். தளர்ந்தால் நடையே கிடையாது. அதனால் மிச்சக் காலின் மேல் மாவுக்கட்டுப் போட்டு, காய்ந்ததும் உரித்து, அந்த அச்சை வைத்துச் செய்வார்கள். அச்சு எடுக்க ஒரு தடவை, போட்டுப் பார்க்க ஒரு தடவை, உறுத்துவதைச் செதுக்க ஒரு தடவை, மறுபடி உறுத்துவதாகச் சொல்ல ஒரு தடவை என்று கால் இல்லாதவர் நாலு தடவை வந்து போக வேண்டும். கால் இருப்பவருக்கே அந்தப் பேருந்து நிலையத்தில் ஏறி இறங்கினால் தாவு தீர்ந்துவிடும்.

இந்த இடத்தில்தான் கேமரா மேடம் வருகிறார். பட்டறையின் கம்ப்யூட்டர் வேலைகளுக்கென்று புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர். அவர் மேலாளரிடம் ஒரு யோசனை சொன்னார். சாதாரணக் கேமரா படம்தான் பிடிக்கும்; எதிரே உள்ள ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஆழக் கேமராக்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. வீட்டில் வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்காகச் செய்தவை. அதில் ஒன்றைத் தூரத்து ஊர்க் கிளினிக்குகளில் வைத்துவிட்டால், மிச்சக் காலைச் சுற்றிலும் படமெடுத்து வடிவத்தை இங்கே அனுப்பிவிடலாம். நாலு பயணம் ஒன்றாகிவிடும்.

"விளையாட்டுச் சாமானை நம்பி சாக்கெட் செய்யறதா?" என்று அரைநூலார் கேட்டார்.

"நம்ப வேண்டாம் சார். சோதிச்சுப் பாருங்க" என்றார் மேடம்.

மேலாளர் தீர்ப்புச் சொன்னார். மூன்று கம்பெனிகளின் கேமராக்கள் வரும். அரைநூலார் சோதிப்பார். சுற்றளவில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தப்பினால் ஃபெயில். பதினைந்து நாளில் அறிக்கை. "எல்லாம் ஃபெயில்னா பெட்டியில போட்டுத் திருப்பி அனுப்பிடுவோம். அப்புறம் மூணு வருஷத்துக்கு இந்தப் பேச்சை யாரும் என் காதுல போடக் கூடாது."

அரைநூலார் களத்தில் இறங்கினார். முதலில் ஒரு மரக்கால். மிச்சக் காலின் வடிவத்தில், மேலே பெருத்துக் கீழே சிறுத்து, தன் கையாலேயே கடைந்தார். குறுக்கே ஐந்து வளையம் கீறினார். மெல்லிய இரும்பு நாடாவைச் சுற்றி ஒவ்வொரு வளையத்தையும் பன்னிரண்டு தடவை அளந்து பதிவேட்டில் எழுதினார். கீழே 244 மில்லிமீட்டர், நடுவில் 312, மேலே 388.

"பளபளப்பா இருந்தா கேமரா தடுமாறும் சார். கறுப்பா இருந்தாலும் தடுமாறும். வெளிர் நிறமா, மினுமினுப்பு இல்லாம இருந்தா நல்லது" என்று மேடம் சொல்லியிருந்தார்.

கேமராக்கள் பின்னால் சாக்குச் சொல்ல இடம் வைக்கலாமா? பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை மேட் பெயிண்டை மூன்று கோட்டு அடித்தார். பெயிண்ட் அடித்த பின் மரக்காலை யாரும் தொடக் கூடாது என்று அட்டை எழுதி மாட்டினார். தானும் தொடவில்லை. இரும்பு நாடா வெள்ளையில் கறை விடும் என்ற முன்யோசனையில்தான் பெயிண்டுக்கு முன்பே அளந்து வைத்திருந்தார். முன்யோசனையில் அவரை மிஞ்ச ஆளில்லை.

பத்து நாள் அந்த அறையில் ஒரு தவம் நடந்தது. வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒளி கலந்திருக்கும், அது கேமராவைக் குழப்பும் என்று கேள்விப்பட்டதும் ஜன்னல்களுக்குக் கம்பளி போர்த்தினார். கேமரா சூடாகச் சூடாக அளவு மெல்ல நகர்கிறது என்று அவரே கண்டுபிடித்தார். அதனால் காலையில் வந்ததும் அவற்றை முடுக்கிவிட்டு, அரை மணி நேரம் எதிரே கைகட்டி உட்கார்ந்திருப்பார். யாராவது கதவைத் திறந்தால் முறைப்பார். மரக்கால் சுழல்மேடையில் மெதுவாகச் சுற்றும், கேமரா பார்க்கும், கம்ப்யூட்டர் ஐந்து எண் சொல்லும், இவர் ஐந்தையும் பேனாவால் எழுதுவார். ஒரு கேமராவுக்கு ஐம்பது சுற்று என்று கணக்கு.

"பத்துச் சுற்று போதும் சார்" என்றார் மேடம்.

"பத்து தடவை உண்மை பேசறவன் பதினோராவது தடவை பொய் பேசுவான் மேடம். அம்பதும் பாத்துடுவோம்."

பார்த்தார். நூற்றைம்பது சுற்று, எழுநூற்றைம்பது எண். முதல் கேமரா மூன்றரை மில்லிமீட்டர் கூட்டிச் சொன்னது. இரண்டாவது நாலு. மூன்றாவது, கீழ் வளையத்தில் நாலில் ஆரம்பித்து மேல் வளையத்துக்குப் போகும்போது எட்டு வரைக்கும் தாராளமாகக் கூட்டியது. மூன்றும் ஃபெயில். அரைநூலாரின் முகத்தில், துக்க வீட்டிலும் அடக்க முடியாத ஒரு திருப்தி.

"உங்க கேமராவுக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி வாங்கிக் குடுங்க மேடம்."

மேடம் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணும் வேற வேற கம்பெனி சார். மூணும் எப்படிக் கூட்டியே சொல்லுது? ஒண்ணாவது குறைச்சுச் சொல்லியிருக்கணும் இல்ல? எங்கயோ இடிக்குது."

"மூணு பேர் சேர்ந்து பொய் சொன்னா அது உண்மையாயிடுமா?"

சனிக்கிழமை மத்தியானம் அறிக்கையில் கையெழுத்துப் போட்டு மேலாளர் மேஜையில் வைத்தார். திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம். பெட்டிகளைக் கட்டுவதற்குக் கயிறுகூட வந்து இறங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன். தூரத்து ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். நிற்பதுதான் தொழில், முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போய் ஆறு வருடமாகியும் நின்றேதான் வெட்டுகிறார். திங்கட்கிழமை மாவுக்கட்டு வரிசையில் முதல் ஆளாக நிற்க, முதல் நாளே மூன்று பஸ் மாறி வந்திருந்தார். உட்கார்ந்ததும் செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினார். மிச்சக் காலில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று சாக்ஸ்.

"எதுக்கு மச்சான் மூணு?"

"கால் இளைச்சுப்போச்சு மாப்ள. சாக்கெட் லொடலொடங்குது. ஒண்ணு பத்தல, ரெண்டு போட்டேன். ரெண்டு பத்தல, மூணு. இப்படியே போனா கடைக்கு வர்றவன் துண்டையும் சேத்துச் சுத்திக்கணும்."

அரைநூலார் டேப்பை எடுத்துவிட்டார்.

"ஏங்க, அண்ணன் வந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்கல. அதுக்குள்ளயா?" என்று மனைவி உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"விடும்மா. மத்தவங்க கை குலுக்குவாங்க, இவர் டேப்பை நீட்டுவாரு" என்றார் மச்சான். பிறகு காலை நீட்டியபடியே கேட்டார்: "ஏதோ கேமரா வரப்போகுதுன்னு எங்க ஊர் கிளினிக்ல சொன்னாங்களே மாப்ள. அது வந்தா இந்த மூணு பஸ் அலைச்சல் இல்லையாமே? அங்க எங்களை மாதிரி முப்பது, நாப்பது பேரு அதைத்தான் பேசிட்டிருக்கோம்."

"தேறல மச்சான். நான்தான் சோதிச்சேன். ஃபெயில் போட்டுட்டேன்."

மச்சான் சுவரோரம் சாத்தியிருந்த காலை ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "நீங்க போட்டிருந்தா சரியாத்தான் இருக்கும்."

பாராட்டுத்தான். ஆனால் வெள்ளிவிழாக் கைதட்டலைப் போல இது உள்ளே சுகமாக இறங்கவில்லை. பேச்சை மாற்றுகிற மாதிரி அரைநூலார் வேலையில் குனிந்தார். சாக்ஸோடு மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு. சாக்ஸைக் கழற்றி மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு. மேலே பதினைந்து மில்லிமீட்டர் வித்தியாசம். கீழேயும் பதினைந்து.

மறுபடி அளந்தார். அதே பதினைந்து.

"என்ன மாப்ள முழிக்கிறீங்க?"

"மேல பெருசா இருக்கு, கீழ சின்னதா இருக்கு. வித்தியாசம் மட்டும் ஒரே மாதிரி வருதே மச்சான்."

"பின்ன? சாக்ஸ் என்ன, பெருத்த இடத்துக்கு ஒரு தடிமன், சிறுத்த இடத்துக்கு ஒரு தடிமனாவா பின்னுவான்?"

அரைநூலார் டேப்பைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். மனைவி கொண்டுவந்து வைத்த காபி ஆறியது. மேலே ஏடு கட்டியது. மூன்றாவது கேமரா பெருத்த இடத்தில் அதிகமாகவும் சிறுத்த இடத்தில் குறைவாகவும் பொய் சொல்லியிருந்தது. அது கேமராவின் குணம். ஆனால் முதல் இரண்டும் 244-இலும் அதே அளவு கூட்டின, 388-இலும் அதே அளவு கூட்டின. கண் கெட்டவன் அப்படிச் சொல்ல மாட்டான். எதிரே இருப்பவன் சட்டை போட்டிருந்தால்தான் அப்படிச் சொல்வான்.

சட்டைதான் போட்டிருந்தது. மூன்று கோட்டு.

"எங்கங்க கிளம்பிட்டீங்க? சாப்பாட்டு நேரம்!"

"பட்டறைக்கு."

"ஞாயித்துக்கிழமையா?"

"போயே ஆகணும்" என்று செருப்பை மாட்டினார்.

"எங்க அண்ணன் வந்திருக்காரு. சாப்பிட்டுட்டுப் போங்கன்னா, இப்பவே போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறீங்களே!"

"அந்த உரிமை இந்த வீட்ல எனக்கு மட்டும்தான் இருக்கு. விடும்மா, போயிட்டு வரட்டும்" என்றார் மச்சான்.

பட்டறைச் சாவி இவரிடம் ஒன்று இருந்தது. அறையைத் திறந்து, 'யாரும் தொடக் கூடாது' என்ற அட்டையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, மரக்காலின் நடு வளையத்தில் நாடாவைச் சுற்றினார். 314.5. பதிவேட்டில் 312. மற்ற நாலு வளையத்திலும் அதே இரண்டரை கூடுதல். வெள்ளையில் நாடாவின் கறை ஐந்து கோடாகப் பதிந்தது.

உளியை எடுத்து நடு வளையத்தில் பெயிண்டைச் சுரண்டினார். அவர் வாழ்நாளில் அடித்ததிலேயே அழகான பெயிண்ட் அது. செதிலாக உரிந்து வந்த ஒரு துண்டை நுண்ணளவியில் வைத்துப் பார்த்தார். பட்டியும் மூன்று கோட்டும் சேர்ந்து 0.4 மில்லிமீட்டர். பார்த்தால் காகிதம். ஆனால் ஓர் உருண்டையான பொருளுக்கு மேல் காகிதத்தைப் போர்த்தினால் சுற்றளவு அதன் தடிமனைப் போல ஆறு மடங்குக்கு மேல் ஏறும். பெருக்கினார். இரண்டரை வந்தது. மறுபடி பெருக்கினார். எண்களுக்கு இரக்கம் கிடையாது, அதே இரண்டரை.

வரலாற்று நாயகர்களுக்கு இந்த மாதிரி இடத்தில் ஒரு சோதனை வரும். இவருக்கும் வந்தது. அறையில் ஆளில்லை. அறிக்கை போய்விட்டது. பெயிண்டுக்கு முன்பு அளந்தாரா பின்பு அளந்தாரா என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. மரக்காலை அடுப்புக்குக் கொடுத்துவிட்டால் சாட்சியும் இல்லை. நாளை பெட்டி கட்டுவார்கள், கயிறு தயார். அரைநூலார் அரைநூலாராகவே ஓய்வு பெறலாம். முப்பது, நாற்பது பேர் மூன்று பஸ் மாறி வந்துகொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவர், நீங்கள் போட்டிருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வருவார்.

அரைநூலார் நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டார். எழுநூற்றைம்பது எண்களுக்கும் பக்கத்தில் பச்சை மையில் புது எண் எழுத ஆரம்பித்தார். மொத்தமாக ஒரே வரியில் 'இரண்டரை கழிக்கவும்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் தப்பை மொத்தமாகச் செய்தாலும் திருத்தத்தைச் சில்லறையாகத்தான் செய்வது என்று முடிவெடுத்துவிட்டார். வெளிச்சம் மங்குவதற்குள் முடித்துவிட்டார். முதல் கேமரா ஒரு மில்லிமீட்டர் கூடுதல். இரண்டாவது ஒன்றரை. இரண்டும் பாஸ். மூன்றாவது, எவ்வளவு கழித்தும், மேல் வளையத்தில் ஐந்தரை. அதற்கு மன்னிப்பு இல்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மரக்காலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். மேலாளரும் கேமரா மேடமும் இருந்தார்கள். மாற்றிய அறிக்கையை நீட்டினார். மேலாளர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு நிமிஷம். வெளிய மாவுக்கட்டு வரிசையில உக்காந்திருக்கறது உங்க மச்சான்தானே? நேத்தே வந்துட்டேன்னு சொன்னாரு."

"ஆமா சார்."

"சனிக்கிழமை மூணும் ஃபெயில். ஞாயித்துக்கிழமை மச்சான் வர்றாரு. திங்கட்கிழமை ரெண்டு பாஸ். நான் என்ன நினைக்கிறது?"

அரைநூலாரின் காது சிவந்தது. சட்டைப் பையிலிருந்து இரும்பு நாடாவை எடுத்து மேலாளர் கையில் வைத்தார். பதினெட்டு வருடத்தில் அந்த நாடா வேறொருவர் கைக்குப் போனது அதுவே முதல் தடவை.

"நீங்களே அளங்க சார். பெயிண்ட் இருக்கற இடத்துல ஒண்ணு, சுரண்டின இடத்துல ஒண்ணு."

நடு வளையத்தைச் சுற்றிலும் சுரண்டியிருந்தது. அதற்குக் கீழே இருந்த வளையத்தில் பெயிண்டை அப்படியே முழுசாக விட்டிருந்தார். பதிவேட்டில் எது எவ்வளவு என்று விரல் வைத்துக் காட்டினார். மேலாளர் நாடாவை முதல் தடவை கோணலாகச் சுற்றினார். அரைநூலார் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். இரண்டாவது தடவை சரியாகச் சுற்றினார். சுரண்டிய இடம் பதிவேட்டோடு அட்சரம் பிசகாமல் ஒத்துப்போனது. பெயிண்ட் இருந்த இடம் இரண்டரை கூடுதல்.

மேடம் எட்டிப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, "உலகம் நகர்ந்திருக்குமோ சார்?" என்றார்.

"இல்ல மேடம். அது இருந்த இடத்துலயேதான் இருக்கு."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். சிரிப்பா நிம்மதியா என்று தெரியவில்லை. "சரிய்யா. ரெண்டு கேமராவையும் எடுத்துக்குவோம். முதல்ல அந்தத் தூரத்து ஊர்க் கிளினிக்குக்கே அனுப்புவோம். பிழைக்குக் காரணம்கிற இடத்துல பெயிண்ட்னு போட்டு விட்டுடுங்க. உங்க பேரு எதுக்கு நடுவுல?"

"பெயிண்ட் தானா ஏறி ஒட்டிக்கல சார்."

அறிக்கைப் படிவத்தின் அந்த இடத்தில் மூன்று கட்டங்கள் அச்சாகியிருந்தன. கருவி, பொருள், வெளிச்சம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் படிவத்தை வடிவமைத்தவர் வேறு யாருமில்லை. நாலாவதாக ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று அன்று அவருக்குத் தோன்றவில்லை. இப்போது மேஜைமேல் ஸ்கேல் இருந்தும் எடுக்காமல், பச்சை மைப் பேனாவால் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டார்.

"கட்டம் கொஞ்சம் கோணலா இருக்கு சார்" என்றார் மேடம்.

"இருக்கட்டும் மேடம்."

அதன் பக்கத்தில் 'அளந்தவர்' என்று எழுதி, டிக் அடித்து, கீழே கையெழுத்துப் போட்டார்.